சதக்கின் காருக்கு ஒரு போர்வை

அத்தியாயம் பதினொன்று

இந்த அத்தியாயத்தில் வரும் ஒவ்வொரு வரியும் சத்தியம். மன்னார் வளைகுடாவில் உள்ள தண்ணீர் அத்தனையும் சாட்சி. அதில் ஒரு குடம் குறைந்திருந்தால் இதைப் பொய் என்று சொல்லிக்கொள்ளலாம். அப்படியும் மனம் ஒப்பாதவர்கள் அடுத்த பக்கத்துப் பல்பொடி விளம்பரத்தை நம்பிக்கொண்டு இருக்கலாம். வற்புறுத்தல் இல்லை.

போன வாரம் விட்ட இடம் நினைவிருக்கும். கொழும்புக்குப் போன சதக்கின் தோணி திரும்பவில்லை. தோணியின் சுக்கான் மட்டும் தனியாக வந்து தனுஷ்கோடிக் கரையில் ஒதுங்கியது. ஊர் ஜமாஅத் கூடியது. சுக்கானே வந்துவிட்ட பிறகு ஆளுக்காகக் காத்திருப்பதில் அர்த்தமில்லை, வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் சதக்குக்குக் காயிப் ஜனாஸா தொழுதுவிடலாம் என்றார்கள் பெரியவர்கள். உடல் கிடைக்காமல் போனவனுக்காக ஊர் கூடித் தொழுகிற தொழுகை அது. தொழுதுவிட்டால் அவன் செத்தவன். அவன் மனைவி லத்தீபா அன்றைக்கே வெள்ளை உடுத்தி, உள்ளறையில் நாலு மாதம் பத்து நாள், புருஷனை இழந்தவள் துக்கம் காக்கும் இத்தா இருக்க உட்கார வேண்டும்.

அதற்கு ஒருவருடைய சம்மதம்தான் பாக்கி. சதக்கின் தகப்பனார் ஜெய்னுலாபுதீன் வியாழன் பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பின் பதில் சொல்வதாகத் தவணை வாங்கியிருந்தார்.

ஐம்பத்தெட்டாம் வருஷத்து அந்த வியாழக்கிழமை விடிந்துவிட்டது.

லத்தீபா எழுந்ததும் முதல் காரியமாகக் கொட்டகைக்குப் போனாள். தேங்காயெண்ணெய் தொட்ட பழந்துணியால் காரைத் துடைத்தாள். காருக்கடியில் வெள்ளிக்கிழமைதோறும் போடும் மணலைக் கையாலேயே நிரவினாள். வெள்ளை மணல், கடற்கரையிலிருந்து கழுதைப் பொதியில் வருவது. அந்த ஊரில் எல்லா வீட்டு முற்றத்துக்கும் அதுதான் கோலம்.

கார் வந்த கதை பழைய வாசகர்களுக்குத் தெரியும். அந்த ஊரில் கல்யாணமான பெண் புருஷன் வீட்டுக்குப் போவதில்லை. புருஷன்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவான். சதக் பெட்டியோடு ஒரு காரும் கொண்டுவந்தான். தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரர் ஒருவர் இலங்கையைவிட்டுக் கிளம்பும்போது கழித்துவிட்ட பந்தயக் கார். சிவப்பு நிறம். இரண்டு பேர் உட்காரலாம். மூன்றாவது ஆளுக்கும் கூரைக்கும் அதில் இடமில்லை. சுங்கக்காரர்கள் அதை எப்படி விட்டார்கள் என்பது நாலாம் அத்தியாயத்தில் வந்துவிட்டது.

அதன் வேகத்தைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். உச்சிப்புளிக்குப் பக்கத்தில் ஒருநாள் சதக் ராமேஸ்வரம் ரயிலோடு போட்டி போட்டான். கார் பறந்த பறப்பில், ரயிலுக்குள் இருந்தவர்கள் தங்கள் வண்டி நின்றுவிட்டதாக நினைத்து மூட்டை முடிச்சோடு இறங்கிவிட்டார்கள். அதில் ஒருவர் திரும்ப ஏற முடியாமல் அங்கேயே தங்கி, கல்யாணமும் பண்ணிக்கொண்டு, டீக்கடை வைத்திருக்கிறார். சந்தேகம் உள்ளவர்கள் போய் டீ குடித்துவிட்டு வரலாம். டீ சுமார்தான்.

அப்படிப்பட்ட கார், ஒரு காலத்தில் சங்கு குவித்து வைத்திருந்த கொட்டகையில், சதக் போன நாளிலிருந்து அசையாமல் நின்றது. ஆள் அசையாமல் நின்றால் கால் வலிக்கும். கார் அசையாமல் நின்றால் துருப்பிடிக்கும். அதிலும் அந்த ஊர் உப்புக்காற்று சாமானியப்பட்டதல்ல. மதியம் லுஹர் தொழுகைக்கு வந்தவர் பள்ளிவாசல் சுவரில் சைக்கிளைச் சாத்திவிட்டு உள்ளே போய்த் தொழுதுவிட்டு வந்தால், மணி மட்டும் தரையில் கிடக்கும். மணி பித்தளை. அதனால் தப்பியது.

லத்தீபா துடைத்து முடிக்கும்போது வாசலில் செருமல் கேட்டது. மாமனார் நின்றார். தோளில் மலைப்பாம்பு மாதிரி ஒரு துணிச்சுருள்.

காருக்குப் போர்வை, என்றார் அவர். கப்பல் பாய்க்குப் போடும் கெட்டித் துணிதான் தேடினாராம். ராமநாதபுரம் கடைத்தெரு முழுக்க அலைந்தும் கிடைக்கவில்லை. ஒரு ஜவுளிக்கடையில் தர்கா கந்தூரித் திருவிழாவுக்கு வரவழைத்து மிஞ்சிப்போன பச்சைத் துணி இருந்தது. ஓரத்தில் சரிகை. அகலமும் நீளமும் காருக்கென்றே அளவெடுத்த மாதிரி. அதைத் தைத்து எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் வந்துவிட்டார்.

லத்தீபா தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, வேண்டாம் மாமா என்றாள்.

மூடுவதா வேண்டாமா என்ற இந்தத் தர்க்கம் புதிதல்ல. சதக் போனதிலிருந்து இரண்டு பேருக்கும் நடப்பதுதான். கூரையில்லாத வண்டி, காற்று நேராகச் சீட்டில் போய் உட்கார்ந்துகொள்கிறது, தோலெல்லாம் வெடிக்கிறது என்பது மாமனார் கட்சி. மூடினால் உள்ளே வேர்த்துப் புழுங்கும், ஈரம் போக வழியில்லாமல் பூசணம் பிடிக்கும் என்பது மருமகள் கட்சி. அவர் பாய்போட்டு மூடிய கருவாட்டை உதாரணம் காட்டினார். அவள் மூடி வைத்துக் கெட்டுப்போன ஊறுகாயைக் காட்டினாள். கருவாடும் ஊறுகாயும் கொஞ்ச நேரம் மோதிப் பார்த்துவிட்டு இரண்டும் களைத்துவிட்டன.

பிறகு லத்தீபா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“மூடுறது மையத்தத்தான் மாமா.”

ஜெய்னுலாபுதீன் துணியைத் தோளிலிருந்து இறக்கினார். அந்த ஊரில் மையத்து என்றால் பிணம்.

“தூங்குறவனுக்கும்தான் போத்திவிடுறோம் புள்ள” என்றார்.

உள்ளேயிருந்து லத்தீபாவின் தாய் ரம்ஜான் பீவி வந்தாள். முறத்தில் அரிசி. அவள் எந்தக் கட்சியும் இல்லை. மகளுக்கு வயது இருக்கிறது, இத்தா முடிந்தால் இன்னொரு வாழ்க்கை இருக்கிறது, இல்லாதவனுக்காக இருக்கிறவளை உப்புக்காற்றில் காயப்போட முடியாது என்று அவள் முன்பே கணக்குத் தீர்த்துவிட்டவள். அதை யாரும் கேட்காமலே அப்போதும் சொன்னாள்.

“மூடினா என்ன, தொறந்து கெடந்தா என்ன சம்பந்தி? சுக்கானு வந்திருச்சுல்ல.”

“சுக்கானு மரம்” என்றார் ஜெய்னுலாபுதீன். “மரம் மெதக்கும். எம்மவன் நீந்துவான்.”

தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குச் சதக் சின்ன வயசில் நீந்திப் போய் அந்தக் கரையில் சீனிமிட்டாய் வாங்கித் தின்றுவிட்டு, ஈரம் காய்வதற்குள் திரும்பியவன் என்று அவர் அதற்கு முன் பலமுறை சொல்லியிருக்கிறார். அன்றைக்கு அதைச் சொல்லவில்லை. மாமனாரோடு அதற்குமேல் வாதாடுவது மரியாதையில்லை என்பதால் லத்தீபா ஒதுங்கிக்கொண்டாள். அவர் பச்சைத் துணியை விரித்துக் காரின்மேல் போட்டார். சரிகை ஓரம் நாலு பக்கமும் தரையைத் தொட்டது. காற்று வருவதற்காகக் கொட்டகையின் பின்கதவைத் திறந்து வைத்துவிட்டு, அஸர் தொழுதுவிட்டு வந்து கயிறு போட்டுக் கட்டுகிறேன் என்று கிளம்பினார்.

கதவைத் திறந்து வைத்ததுதான் பிசகு.

பின்கதவு திறப்பது முடுக்கில். அந்த ஊரில் ஆண்களுக்குத் தெரு, பெண்களுக்கு முடுக்கு. வீட்டுக்கு வீடு, கடற்கரைத் தர்கா வரைக்கும், ஒரு ஆணின் கண்ணிலும் படாமல் பெண்கள் முடுக்கு வழியாகவே போய் வரலாம். அன்றைக்கு வியாழக்கிழமை. தர்காவுக்குப் பெண்கள் கூட்டம் கூட்டமாகப் போகிற நாள்.

முதலில் வந்தவள் வெளியூர்க்காரி. திறந்த கதவுக்குள் எட்டிப் பார்த்தாள். நீளமாக, தாழ்வாக, தலைமாட்டில் இரண்டு மேடு தூக்கிக்கொண்டு, பச்சைப் போர்வையும் சரிகையுமாக, தர்காவில் அடங்கிய அவுலியா ஒருவரின் சமாதி மாதிரி ஒன்று கிடந்தது. சுற்றிலும் வெள்ளை மணல். பார்த்தவள் செருப்பைக் கழற்றிவிட்டாள். வேறு என்ன செய்வாள்? அவள் செய்ததைப் பின்னால் வந்தவளும் செய்தாள். அதற்குப் பின்னால் வந்தவள் ஊதுபத்தி வைத்தாள். லுஹர் பாங்கு சொல்வதற்குள் சர்க்கரையும் பேரீச்சம்பழமும் சேர்ந்துவிட்டன. ஒருத்திக்கு நெடுநாள் பல்வலி அங்கேயே நின்றது. நின்ற வலி பக்கத்தில் நின்றவளுக்குப் போய்விட்டதாகவும் சொல்கிறார்கள். பிள்ளையில்லாத ஒருத்தி போர்வைக்கு அடியில் கையைவிட்டுத் தடவித் தடவி, பக்கவாட்டில் துருத்திக்கொண்டிருந்த கண்ணாடியைக் கண்டுபிடித்து, அதில் நேர்ச்சைத் தொட்டில் கட்டிவிட்டுப் போனாள்.

லத்தீபாவுக்கு இதெல்லாம் தெரியாது. அவள் மாடி ஜன்னலோரம் படுத்திருந்தாள். போர்வைக்கு அடியில் கிடக்கும் காரை நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஊர்க்காரர்கள் பேசும் ரயில் போட்டியை அவள் பார்த்ததில்லை. அவளுடைய பயணம் வேறு. அந்தி மக்ரிப் தொழுகை முடிந்து முடுக்கில் நடமாட்டம் அடங்கியதும் சதக் அவளைக் காரில் ஏற்றிக்கொள்வான். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, இந்தா உச்சிப்புளி போகுது என்பான். இந்தா மண்டபம், மூக்கப் பொத்திக்க, கருவாடு காயுது என்பான். பாம்பன் பாலம் வந்தால், கீழ பாக்காத, தலை சுத்தும் என்று அவள் கையை எடுத்துத் தன் தொடைமேல் வைத்துக்கொள்வான். ரயில் மட்டும் போகிற பாலத்தில் கார் எப்படிப் போகும் என்று கேட்கலாம். சதக் கேட்டதில்லை. கல்யாணத்துக்குப் பின் அந்த முடுக்கைத் தாண்டி எங்கும் போயிராத லத்தீபா, அப்படித்தான் ராமேஸ்வரம் தீவு முழுக்கப் பார்த்தாள். தனுஷ்கோடியில் மணல்மேட்டில் வண்டியை நிறுத்தி, அந்தா தெரியுது பார், அது கொழும்பு வெளிச்சம் என்று காட்டினான். அவளும் பார்த்தாள். இரவு இஷா பாங்கு சொல்வதற்குள் வீடு திரும்பிவிடுவார்கள். அத்தனை தூரம் போயும் ஒரு சொட்டு பெட்ரோல் செலவானதில்லை. வெள்ளைக்காரன் செய்த வண்டி அப்படி.

கீழே பேச்சுக்குரல் கேட்டு அவள் எழுந்தாள். படியிறங்கிக் கொட்டகைப் பக்கம் வந்தாள். உள்ளே பெண்கள். புகை. ஒருத்தி இன்னொருத்தியிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“எந்த அவுலியாம்மா இது? போன வாரம் இங்கன இல்லையே.”

“கடல்ல மவுத்தானவுகளாம்” என்றாள் மற்றவள். “பாத்திஹா ஓதும்மா.”

இரண்டு பேரும் கையேந்தி ஓத ஆரம்பித்தார்கள்.

ஜமாஅத் இன்னும் தொழவில்லை. தகப்பன் இன்னும் சம்மதிக்கவில்லை. அதற்குள் சதக்குக்கு, செத்தவர்களுக்காக ஓதுகிற முதல் பாத்திஹாவை, அவன் யாரென்றே தெரியாத இரண்டு பெண்கள், அவனுடைய காருக்கு முன்னால் நின்று ஓதிக்கொண்டிருந்தார்கள். நல்ல குரல். தப்பில்லாமல் ஓதினார்கள். லத்தீபாவால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஓடிவந்து போர்வையின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தாள். சர்க்கரை சிதறியது. ஊதுபத்தி அணைந்தது. பச்சை விலகிச் சிவப்பு வெளியே வந்தது. பெண்கள் அலறவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் நகர்ந்து, வந்த வழியே போய்விட்டார்கள். அவுலியாவின் கபுர் பிளந்து கார் புறப்பட்டதை நேரில் பார்த்ததாகச் சொல்லும் குடும்பங்கள் இன்றும் அந்தப் பக்கத்தில் உண்டு.

லத்தீபா கண்ணாடியில் தொங்கிய தொட்டிலை மட்டும் அவிழ்க்காமல் நின்றாள். யாருடைய ஆசையோ. அவளுக்கும் அந்த ஆசை இருந்தது.

ஜெய்னுலாபுதீன் அஸர் தொழுதுவிட்டுக் கயிறோடு வந்தார். போர்வை மணலில் கிடப்பதைப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார். நடந்ததை ரம்ஜான் பீவிதான் சொன்னாள். அவர் கோபப்படவில்லை. கதவைச் சாத்தி, மறுபடி போர்வையை எடுத்து உதறினார். இந்தமுறை சரியாகக் கட்ட வேண்டும், உள்ளே ஏறி நின்று கட்டினால்தான் நடுவில் தொய்யாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, காரின் சின்னக் கதவைத் திறந்து வலது காலை எடுத்து உள்ளே வைத்தார்.

கால் நிற்கவில்லை. அப்பளம் நொறுங்குகிற சத்தம் கேட்டது. கணுக்கால், முழங்கால் என்று கால் உள்ளே போய்க்கொண்டே இருந்து, காருக்கு அடியில் மணலில் போய் ஊன்றியது. ஒரு கால் காருக்கு வெளியே, ஒரு கால் காரைத் துளைத்துக்கொண்டு, பச்சைப் போர்வையைக் கையில் பிடித்தபடி ஜெய்னுலாபுதீன் நின்றார்.



அவர் குனிந்து, ஓட்டையின் விளிம்பைத் தொட்டார். தகடு வெற்றிலை மாதிரி மடிந்து கையோடு வந்தது. மேலே பளபளவென்று சிவப்புப் பூச்சு. அடியில் வெறும் துரு. இன்னும் குனிந்து காலடியிலிருந்து ஒரு சிட்டிகை மணலை எடுத்து நாக்கில் வைத்தார்.

“உப்பு” என்றார்.

மேலிருந்து வரும் காற்றுக்காக இரண்டு பேரும் அத்தனை காலம் சண்டை போட்டார்கள். காற்று ஒன்றும் செய்யவில்லை. கடற்கரையிலிருந்து அள்ளிவந்த மணல், அலையின் ஈரமும் உப்பும் காயாத மணல், வாரம் தவறாமல் அடியில் படுத்துக்கொண்டு மேலே பார்த்துத் தின்றுகொண்டிருந்தது. முற்றத்துக்குப் போடுகிற மாதிரியே காருக்கும் போட்டாள் லத்தீபா. அவன் வந்து இறங்கும்போது கால் வைக்கிற இடம் வெள்ளையாக இருக்க வேண்டும் என்று போட்டாள்.

“நான்தான் மாமா போட்டேன்” என்றாள்.

அவர் விரலிலிருந்த மணலைத் தட்டிவிட்டார். திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ரம்ஜான் பீவி கைகொடுக்க, காலை உருவிக்கொண்டு மணலிலேயே உட்கார்ந்தார். முழங்காலுக்குக் கீழே தகடு கீறி ரத்தம் வந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. வாசல் பக்கம் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் நெய்னா முகம்மதுவின் குரல் கேட்டது. பெரியவர்கள் கூடிவிட்டார்கள், ஜெய்னுலாபுதீன் காக்காவுக்காகக் காத்திருக்கிறார்கள், நாளைக்குத் தொழுகைக்கு அறிவிப்புச் சொல்லவா வேண்டாமா என்று கேட்கச் சொன்னார்கள் என்றார். இதோ வருவார் என்று ரம்ஜான் பீவி பதில் குரல் கொடுத்தாள். கொடுத்துவிட்டு உள்ளே போனாள். பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் கிணற்றடியில் துணி அலசுகிற சத்தமும் கேட்டது. கொடியில் வெள்ளைச் சேலை ஏறியது. அந்த ஊர்க் காற்றில் அது காய அதிக நேரம் பிடிக்காது.

ஜெய்னுலாபுதீன் கொடியைப் பார்த்தார்.

“தொழுதுறச் சொல்லிர்றேன் புள்ள” என்றார். “இனி எதப் போத்தி எதக் காப்பாத்த?”

அழுதுகொண்டே சொல்லியிருந்தால் லத்தீபா அவரோடு சேர்ந்து அழுதிருப்பாள். அவர் மார்க்கெட்டில் மீன் இல்லை என்று சொல்கிற மாதிரி சொன்னார்.

லத்தீபா கதவைத் திறந்து காரில் ஏறினாள். தன் இடத்தில், இடதுபக்கம், உட்கார்ந்தாள். அந்தப் பக்கத் தகடும் காலுக்குக் கீழே மெல்ல இறங்கியது. அவள் பாதம் மணலைத் தொட்டது. அப்படியே இருந்தாள். பக்கத்துச் சீட்டில் யாரும் இல்லை. ஸ்டியரிங் மட்டும் இருந்தது.

“அடி போனாப் போகுது மாமா” என்றாள். “சக்கரம் இருக்கு. ஸ்டியரிங்கு இருக்கு. அவுக வந்து ஓட்டுவாக.”

ஜெய்னுலாபுதீன் அவளையே பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு மணலில் கையூன்றி எழுந்தார். வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

“ஆமா” என்றார். “ஓட்டுவான்.”

போர்வையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, நொண்டியபடி வெளியே போனார். தெருமுனையில் வலப்பக்கம் திரும்பினால் பள்ளிவாசல். நேரே போனால் கடல். அவர் எந்தப் பக்கம் போனார் என்பது, காருக்குள் உட்கார்ந்திருந்த லத்தீபாவுக்குத் தெரிய வழியில்லை. கொடியில் சேலை படபடத்தது.

சதக்குக்குக் கார் ஓட்டத் தெரியாது. அது மாமனார், மருமகள் இரண்டு பேருக்கும் தெரியும்.